நாலு மூட்டை யூரியாவில் பயிர் எடுத்தது எவ்வளவு?

தஞ்சை மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் நீக்கிவிட்டு அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

வயது 36. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி விவசாயத்தைக் கையில் எடுத்திருக்கிறார். ஐந்து ஏக்கர், ஆற்றுப் பாசனத்தோடு ஒரு போரும் (ஆழ்துளைக் கிணறு) உண்டு. மூன்று ஏக்கரில் சி.ஆர். 1009 சப் 1, இரண்டு ஏக்கரில் வெள்ளைப் பொன்னி; இரண்டும் நெல் ரகங்கள். அப்பா காலத்து வழக்கப்படி எல்லா வயலுக்கும் ஒரே கணக்குதான்: ஏக்கருக்கு அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி, ஒரு மூட்டை யூரியா, மேலுரமாக இன்னும் மூன்று மூட்டை யூரியா. பொட்டாஷ் விலை கூடிவிட்டதால் போடுவதில்லை. போன சம்பாவில் நட்ட 20ஆம் நாள் பயிர் மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. மேலுரத்தை முன்கூட்டியே போட்டும் தெளியவில்லை. மார்கழியில் குலைநோய் (பூஞ்சை நோய்), அப்புறம் புகையான் (சாறு உறிஞ்சும் பூச்சி), மூன்று முறை மருந்தடிப்பு. தை மாத மழையில் பொன்னி படுத்தே விட்டது. ஏக்கருக்கு 25 மூட்டை (60 கிலோ) காண வேண்டிய இடத்தில் 15தான் கண்டது. 1009 மட்டும் 34 மூட்டை கொடுத்தது.

இதற்கிடையே வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் நைட்ரேட் லிட்டருக்கு 62 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. பிரசவத்துக்கு வந்த தங்கையும் மூன்று மாதக் கைக்குழந்தையும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். “யூரியாவால்தான் இது, இந்த வருஷமே நிறுத்திவிட்டு இயற்கைக்கு மாறிவிடலாம்” என்கிறார் மனைவி. “உப்பைக் (யூரியாவை) குறைத்தால் வைக்கோல்கூட மிஞ்சாது” என்கிறார் அப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் யூரியாவோடு நானோ யூரியா (இலையில் தெளிக்கும் திரவம்) பாட்டிலையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். யூரியாவைப் பாதியாகக் குறைத்தால் விளைச்சல் போய்விடாதா, இரண்டு மாதத்தில் நாற்று விட வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கிணற்றுத் தண்ணீர் விஷயம்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் குழந்தைக்குத் தரும் தண்ணீர்

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. உங்கள் கிணறு அதைத் தாண்டிவிட்டது. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். நைட்ரேட் குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

“பால் பவுடருக்கு நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் எடுக்கிறோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். இன்றைக்கே அந்தக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். பரிசோதித்த குழாய்த் தண்ணீரோ, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. தண்ணீரோ போதும். தாய்ப்பால் கொடுக்கத் தங்கை தயங்க வேண்டாம், அது பாதுகாப்பானது. அவரும் வேறு தண்ணீர் குடிப்பது நல்லது.

இனி, இதற்குக் காரணம் உங்கள் வயல்தானா? மனைவியின் கவலை நியாயமானது. ஆனால் வயலை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். தண்ணீர் நிற்கும் சேற்று வயலின் அடிமண்ணில் காற்று கிடையாது. யூரியா அங்கே அம்மோனியமாகி, களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டாக மாறுகிற கொஞ்சமும் காற்றில்லாத மண்ணில் வாயுவாகிப் போய்விடும். சேற்றுழவு உழுது உழுது அடியில் இறுகிப்போன மண்தட்டும் தண்ணீரை வேகமாக இறங்க விடாது. அதனால் களிமண் நெல் வயலிலிருந்து நிலத்தடி நீருக்கு நைட்ரேட் இறங்குவது ஒப்பீட்டளவில் குறைவு. மணற்பாங்கான நிலத்தில் வாழைக்கும் வெங்காயத்துக்கும் காய்கறிக்கும் அள்ளிப்போடுவது வேறு விஷயம். அங்கே நேராகக் கீழே இறங்கும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: கிணற்றிலிருந்து 20 அடியில் மாட்டுக்கொட்டகையின் எருக்குழி, வீட்டுக்குப் பின்னால் கழிவறைத் தொட்டி. என் முதல் சந்தேகம் அந்த இரண்டின் மேல்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிணற்று நீரையும் வயல் போர் நீரையும் தனித்தனியாகக் கொடுத்து நைட்ரேட், குளோரைடு, கோலிஃபார்ம் கிருமி மூன்றையும் பாருங்கள். வயல் போரில் நைட்ரேட் குறைந்து, வீட்டுக் கிணற்றில் மூன்றும் கூடியிருந்தால் எருக்குழியோ கழிவறைத் தொட்டியோதான் காரணம் என்று தெரிந்துவிடும். எருக்குழியைத் தள்ளி அமைத்து, அடியையும் சுவரையும் பூசி, மழை படாமல் கூரை போடுங்கள்.

அப்படியானால் யூரியாவால் கெடுதல் இல்லையா?

இருக்கிறது. கெடுதல் வேறு வழியில் போகிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. நாலு மூட்டையில் 83 கிலோ, டிஏபி மூட்டையில் 9 கிலோ, ஆக ஏக்கருக்கு 92 கிலோ. உங்கள் 1009 கொடுத்த 34 மூட்டை என்பது இரண்டு டன் நெல். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்துப் பயிர் எடுப்பது சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து. அதிகபட்சமாகப் பார்த்தாலும் 40 கிலோதான். அதிலும் பாதியளவாவது மண் தானாகவே கொடுத்தது. நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிர் பிடித்துக்கொள்வது பொதுவாக 30, 40 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. உங்கள் வயலில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்.

மீதி எங்கே போனது? தேங்கிய தண்ணீரில் தூவிய யூரியா சில நாட்களில் அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். வெயில் நேரத்தில் பாசி வளர்ந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் உங்கள் பகுதியில், கொட்டுகிற ஐப்பசி மழையில் ஒரு பங்கு வடிகாலுக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். குளத்தை மூடிக் கிடக்கும் வெங்காயத் தாமரைக்கு அதுவும் தீனி. இன்னொரு பங்கு, வயல் காய்ந்தும் நனைந்தும் வரும்போது நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வலுவான வாயு அது.

பயிருக்குள் போன மிச்சமும் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. கரும்பச்சையில் மதமதவென்று வளர்ந்த பயிரைத்தான் குலைநோயும் புகையானும் தேடி வரும். தண்டு நீண்டு மெலிந்து, கதிர் கனத்ததும் சாயும். உங்கள் அப்பா போன்றவர்கள் ‘பச்சை ஏறினால் பயிர் நன்றாக இருக்கிறது’ என்று படித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. உரம் கிடைக்காத காலத்தில் வெளிறிய பயிரையும் காலிக் களத்தையும் பார்த்தவர்கள் அவர்கள். அவருடைய பயத்தை மதியுங்கள். ஆனால் தேவையான பச்சைக்கு மேல் ஏறும் பச்சை நெல்லாக மாறுவதில்லை என்பதைப் போன வருஷம் உங்கள் பொன்னி வயலே சொல்லிவிட்டது.

அந்தப் பொன்னி விஷயத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, 1009 போன்ற நீண்டகால ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து; ஏக்கருக்கு 60 கிலோ. மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கு அதில் பாதி, எக்டேருக்கு 75 கிலோதான். ஏக்கருக்கு 30 கிலோ. உயரமாக வளர்ந்து எளிதில் சாயும் ரகம் அது, அதிக உரத்தைத் தாங்காது. உங்கள் கணக்கில் அதற்குத் தேவையைப் போல் மூன்று மடங்கு போயிருக்கிறது. தை மழைமேல் பழி போட்டிருக்கிறீர்கள். மழைக்கு முன்பே அந்தப் பயிர் சாயத் தயாராக இருந்தது.

ஆகவே “பாதியாகக் குறைத்தால் விளைச்சல் போய்விடாதா?” என்ற கேள்விக்கு என் பதில்: பொன்னியில் பாதிக்கும் கீழே இறங்கலாம், இறங்கத்தான் வேண்டும். 1009இல் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்க வேண்டாம். நாலு மூட்டையிலிருந்து இரண்டரைக்கு வரலாம். உரத்தைக் குறைத்தால் விளைச்சலும் குறைந்தே தீரும் என்பது தேவைக்குக் கீழே போனால்தான் உண்மை. சீனாவில் 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடியே 10 லட்சம் சிறு விவசாயிகளிடம் அந்தந்த ஊர் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ற முறைகளைக் கொண்டுபோனார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் தழைச்சத்து உரம் 15 முதல் 18 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 11 சதவீத அளவுக்குக் கூடியது. ரகம், நடவு, நீர், உரம் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியதில் வந்த பலன் அது.

பழுத்ததெல்லாம் தழைச்சத்துக் குறையல்ல

20ஆம் நாள் பயிர் பழுத்தது என்று எழுதினீர்கள். இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் இருந்ததாகவும் சொல்கிறீர்கள். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளாகும், துருப்புள்ளி இருக்காது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில், திட்டுத் திட்டாக, துரு நிறத்தோடு பயிர் குன்றி நின்றால் துத்தநாகக் குறையை நினைக்க வேண்டும். அதற்கு எத்தனை யூரியா போட்டாலும் தெளியாது. கடைசி உழவுக்குப் பின், நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவுங்கள். டிஏபியோடு கலந்துவிடாதீர்கள், அதில் உள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

பொட்டாஷை விட்டதும் உங்களுக்கு இழப்புதான். 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாஷ்) உரங்களின் விலைக்கட்டுப்பாடு தளர்ந்தது. யூரியா விலை மட்டும் அப்படியே நின்றது. அன்றிலிருந்து மலிவானதை அள்ளிப்போட்டு மற்றதைக் குறைக்கும் பழக்கம் ஊரெங்கும் பரவிவிட்டது. உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்டுக்கு வலுவும் நோயைத் தாங்கும் திறனும் கொடுப்பது சாம்பல்சத்து. ஏக்கருக்கு 33 கிலோ பொட்டாஷ், பாதி அடியுரமாகவும் பாதி கதிர் உருவாகும் சமயத்திலும் போடுங்கள். மண்ணை இப்போதே பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால் இந்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இந்தச் சம்பாவில் செய்ய வேண்டியது

அடியுரத்தில் யூரியாவை எடுத்துவிடுங்கள். நட்ட முதல் பத்து நாளில் வேர் பிடிக்காத பயிரால் அதை எடுக்க முடியாது. டிஏபியில் உள்ள தழைச்சத்தே அந்த நாட்களுக்குப் போதும்.

பிறகு இலை வண்ண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து முதல் பூ தெரியும் வரை வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள் வயலில் இறங்குங்கள். முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை, பறிக்காமல், உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். வயலின் வெவ்வேறு இடங்களில் பத்துச் செடி. 1009இல் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போடுங்கள். பொன்னியில் எல்லை 3ஆம் எண். வெளிறவில்லை என்றால் அந்த வாரம் ஒன்றும் வேண்டாம். பார்ப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், ஆள் மாறினால் கண்ணும் மாறும். மொத்தத்தில் 1009க்கு இரண்டரை மூட்டையையும் பொன்னிக்கு ஒரு மூட்டையையும் தாண்டாதீர்கள். பூ வந்த பிறகு யூரியா வேண்டவே வேண்டாம், கழுத்துக் குலைநோயைக் கூப்பிட்டதாகிவிடும்.

போடும் விதத்திலும் பாதி பலன் இருக்கிறது. தண்ணீரை வடித்து மண் தெரியும் பதத்தில், சாயங்காலம் தூவுங்கள். மறுநாள் மெல்லத் தண்ணீர் கட்டினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். மடையை நான்கைந்து நாள் திறக்காதீர்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக (மாற்றி மாற்றிக் காயவிட்டு நீர் பாய்ச்சி) வைத்திருப்பவர்கள் உரம் போட்ட உடனே காய்ச்சலுக்கு விடக் கூடாது. காயவிடுவதால் மீத்தேன் குறைந்து கிடைக்கும் நன்மையை நைட்ரஸ் ஆக்சைடு தின்றுவிடும்.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்தான். ஒன்றரை மூட்டை குறைத்தால் ஏக்கருக்கு 400 ரூபாய் மிஞ்சும், அது பெரிய தொகையல்ல. நிஜமான மிச்சம் மருந்துக் கடையிலும், சாய்ந்த பயிரை அறுக்க மிஷின்காரர் கூடுதலாகப் போடும் மணிக்கணக்கிலும் இருக்கிறது.

இந்த வருஷமே முழுதாக இயற்கைக்கு மாறலாமா?

மனைவியின் விருப்பத்தை நான் தடுக்கவில்லை. ஒரே வீச்சில் ஐந்து ஏக்கரிலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. போதுமான தொழுவுரமோ மாற்று ஏற்பாடோ இல்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். நவம்பரில் தடையை விலக்கியும் அந்த ஆண்டின் பெரும்போகத்தில் (முக்கிய நெல் பருவம்) நெல் உற்பத்தி முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. நெல்லில் ஏறத்தாழத் தன்னிறைவோடு இருந்த நாடு வெளியே அரிசி வாங்கியது. இதை வைத்து இயற்கை வேளாண்மை தோற்றுவிட்டது என்று சொல்வது தவறு. மண்ணைத் தயார் செய்யாமல் உரத்தை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

உங்கள் வீட்டிலேயே பாருங்கள். ஒரு டன் தொழுவுரத்தில் சுமார் 5 கிலோ தழைச்சத்து. 60 கிலோவுக்கு ஏக்கருக்கு 12 டன் வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்று மாடு. எருவும் அளவு மீறினால் தண்ணீரைக் கெடுக்கும், உங்கள் கிணறே அதற்கு உதாரணமாக இருக்கலாம்.

உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, போரில் தண்ணீரும் இருக்கிறது. இந்த வாரமே ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். 45ஆம் நாள், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 20 கிலோவை ஒட்டித் தழைச்சத்து சேரும். வண்ண அட்டை அதைத் தானே காட்டிக்கொடுக்கும். யூரியா இன்னும் அரை மூட்டை குறையலாம். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக உளுந்தோ பயறோ தெளித்துவிடுங்கள். மனைவிக்காகப் பொன்னி வயலில் ஒரு ஏக்கரை ஒதுக்கி, அதில் பொன்னிக்குப் பதிலாக பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய ரகம் ஒன்றை யூரியா இல்லாமல் போடலாம். குறைந்த உரத்தில் வளர்வதற்கே பழகிய ரகங்கள் அவை. நெல்லை யார் வாங்குவார்கள் என்பதை விதைப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நானோ யூரியா

முதலில் வந்த 4 சதவீத நானோ யூரியாவில் 500 மில்லி பாட்டிலுக்கு 20 கிராம் தழைச்சத்து. மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். பின்னால் வந்ததில் அளவு கூடியிருந்தாலும் அதுவும் கிராம் கணக்குதான். அதை நம்பி ஒரு மூட்டையைக் குறைக்க வேண்டாம். யூரியா வேண்டுமானால் பாட்டிலும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாதென அரசே அறிவுறுத்தியிருக்கிறது. ஆதாரைக் காட்டி, விற்பனைக் கருவியில் பதிந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விசாரிக்கும் அதிகாரம் அந்தத் துறைக்கு உண்டு.

அப்பாவோடு வாதாட வேண்டாம். 1009 வயலில் ஒரு மாவை (சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) அவர் சொல்லும் நாலு மூட்டைக் கணக்குக்கே விட்டுவிடுங்கள். பக்கத்து மாவில் அட்டைப்படி போடுங்கள். இரண்டுக்கும் நடுவே வரப்பை உயர்த்தி, தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடையன்று அவரையும் களத்துக்கு அழைத்துப்போய் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். மருந்துச் செலவையும் மிஷின் நேரத்தையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.